ஏரிக்கரையும் அரசியற் சட்டமும்

தோற்றுவாய்

ஒரு நாட்டின் சுற்றுச்சூழற் கொள்கை எங்கே பிறக்கின்றது? தலைநகரத்து அலுவலகங்களிலே அறிவியல் வல்லாரும் சட்ட வல்லாரும் கூடியிருந்து எழுதுவதே அது என்று பலர் கருதுவர். எழுத்து வடிவம் அங்கேதான் அமைகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், எதனைக் காக்கத்தக்கது என்று ஒரு மக்கட் கூட்டம் எண்ணுகின்றதோ அதனையே அதன் சட்டமும் காக்க முற்படுகின்றது. எதனை வெறும் பண்டம் என்று எண்ணுகின்றதோ அதனைச் சட்டமும் விலைபேசி விடுகின்றது. ஆகவே இது நன்று, இது தீது, இது புனிதம், இது பொது என்று மக்கள் வழிவழியாகக் கொண்டுள்ள எண்ணங்களிலேயே கொள்கையின் வேர் ஊன்றி நிற்கின்றது எனலாம்.

இதனை மறுப்பாரும் உளர். சட்டமே வழக்கத்தை உண்டாக்கும். தண்டம் இருந்தாலன்றி ஒருவரும் ஏரியையோ காட்டையோ காக்கமாட்டார் என்பது அவர் கொள்கை. வேறொரு சாரார், நம் முன்னோர் யாவற்றையும் இயற்கையோடு இயைந்தே செய்தனர். அவர்தம் வழக்கங்களை மீட்டுவிட்டாற் போதும், சட்டமே வேண்டுவதில்லை என்பர். இவ்விரண்டும் பாதி உண்மையே என்பதை நம் புதுச்சேரிப் பகுதியின் ஏரிகளைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நீரைப் பற்றிய எண்ணம்

தமிழ் மக்கள் நீரைக் குறித்துக் கொண்டிருந்த எண்ணம் மிகப் பழமையானது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அறத்தையும் பொருளையும் பற்றிப் பேசுமுன் மழையைப் பேசினார். புறநானூற்றின் 18 ஆம் பாட்டிலே குடபுலவியனார் என்னும் புலவர், பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலம் குழிந்த இடங்களிலெல்லாம் நீரைத் தேக்குமாறு அறிவுறுத்துகின்றார். வேந்தன் புகழ் அவன் வென்ற நாட்டால் மட்டும் நில்லாது, அவன் கட்டிய நீர்நிலையாலும் நிற்பது என்பது அவர் கருத்து. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை, ஊர்ச்சபையின் வாரியங்களுள் ஏரி வாரியம் என ஒன்று இருந்ததைத் தெரிவிக்கின்றன. அவ்வாரியத்தார் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எனவே நீரைக் காத்தல் புலவர் சொல்லிய அறமாக மட்டும் நில்லாது ஊரார் ஆற்றிய அலுவலாகவும் இருந்தது என்பது பெறப்படும்.

இவ்வெண்ணம் நம் நகரத்தின் நடுவிலேயே ஒரு கட்டிடமாக நிற்கின்றது. பாரதி பூங்காவிலுள்ள ஆயி மண்டபத்தை அறியாதார் இலர். அம்மண்டபத்தைப் பற்றி வழங்கும் செவிவழிக் கதை இது: விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் இப்பக்கம் வந்தபொழுது, விளக்கொளி மிக்கதொரு மாளிகையைக் கண்டு கோயில் என்று எண்ணித் தொழுதார். அது ஆயி என்னும் கணிகையின் இல்லம் என்று அறிந்தபின் வெகுண்டு, அதனை இடித்தொழிக்கப் பணித்தார். ஆயி தன் கையாலேயே அவ்வில்லத்தை இடித்து, அவ்விடத்தில் மக்களுக்காக ஒரு குளம் அமைத்தாள். அக்குளம் முத்தரையர்பாளையத்தில் உள்ளது. பிற்காலத்தில், பிரான்சு நாட்டை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட நாளில் (1852–1870), முத்தரையர்பாளையத்து நீர் நகரத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாகவே கிரேக்க உரோமானிய அமைப்பில் இம்மண்டபம் எழுந்தது.

கதையின் சரித்திர உண்மை எவ்வாறாயினும் ஆகுக. அது காட்டும் மதிப்பீடு தெளிவானது. அரசனால் இழிக்கப்பட்ட ஒருத்தியை மக்கள் தாயாகப் போற்றினர். போற்றியதற்குக் காரணம் அவள் வெட்டிய குளம் ஒன்றே. கடல் கடந்து வந்த ஆட்சியும் குழாய் நீர் கொணர்ந்தபொழுது தன் பொறியியலின் பெருமையோடு அவள் பெயரையும் சேர்த்தே நிலைநிறுத்தியது. மக்கள் நெஞ்சில் இருந்த எண்ணம் அரசின் செயலிலே இடம் பெற்றதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஏரியும் சங்கமும்

நெஞ்சில் உள்ள எண்ணம் மட்டும் கரையைக் கட்டாது. ஏரி என்பது ஓயாத உழைப்பை வேண்டி நிற்பது. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. அவற்றுள் ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் பெரியவை. சங்கராபரணியாற்றின்மீதுள்ள வீடூர் அணையிலிருந்து வரும் கால்வாய் ஊசுடு ஏரிக்கு நீர் தருகின்றது. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகின்றது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வரத்துக்கால் தூர்ந்திருப்பின் ஏரி நிரம்பாது. கரை பழுதுற்றிருப்பின் நிரம்பிய நீர் நில்லாது. மதகு சீர்கெட்டிருப்பின் நின்ற நீர் வயலுக்குச் செல்லாது. கலிங்கு அடைபட்டிருப்பின் மிகுந்த நீர் கரையையே உடைத்துச் செல்லும். இவை யாவும் ஆண்டுதோறும், மழைக்கு முன்னரே, பல கைகள் கூடிச் செய்யவேண்டிய வேலைகள்.

இதற்காகவே குடிமராமத்து என்னும் வழக்கம் எழுந்தது. கோடையில் ஏரி வற்றியபின் ஊரார் கூடித் தூர் வாருவர்; வண்டல் மண்ணை வண்டிகளில் ஏற்றித் தத்தம் வயல்களுக்குக் கொண்டு செல்வர். ஏரி ஆழமாயிற்று, வயல் வளமாயிற்று, ஒரே வேலை இரு பயன் தந்தது. மதகைத் திறந்தடைக்கவும், நீரை முறைவைத்துப் பாய்ச்சவும் நீர்க்கட்டி என்னும் ஊழியர் இருந்தனர். அறுவடைக் காலத்தில் களத்திலேயே அவருக்குரிய நெல் அளக்கப்பட்டது.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்வழக்கம் அழிக்கப்படாது, ஒரு சட்ட வடிவம் பெற்றது என்பது நாம் நன்கு கருதத்தக்கது. ஏரிப் பாசனம் பெறும் நிலவுடைமையாளர் தாமே பணம் செலுத்தி வைக்கும் ‘கேஸ் கொம்யூன்’ என்னும் பொது நிதியும், ‘சிந்திகா அக்ரிகோல்’ என்னும் உழவர் சங்கமும் ஏற்பட்டன. ஏரியின் பழுது பார்ப்பும், நீர்க்கட்டியின் ஊதியமும், நீர்ப் பங்கீடும் இவற்றின் பொறுப்பிலே நடந்தன. பெயர் பிரெஞ்சுப் பெயராயினும் உள்ளிருந்தது பழைய ஊர்க்கட்டுப்பாடே. வழக்கத்திற்கு அரசு ஓர் உருவமும் உரிமையும் கொடுத்தது. வழக்கம் அரசுக்கு ஆட்களையும் உழைப்பையும் கொடுத்தது.

பக்கத்துப் பிரிட்டிஷ் எல்லையில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அங்கே குடிமராமத்து தளர்ந்தபொழுது, சென்னை அரசாங்கம் 1858 ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, ஊராரைத் தண்டத்தால் வேலை வாங்க எண்ணியது. ஆனால் அச்சட்டத்தால் பழைய வழக்கம் உயிர்பெறவில்லை. ஏரியில் ஊராருக்கிருந்த அதிகாரத்தை ஒரு கையால் எடுத்துக்கொண்டு, அவர்தம் உழைப்பை மட்டும் மறு கையால் கேட்டால் யார் மனமுவந்து வருவர்? சட்டம் ஒன்றே போதும் என்பார்க்கு இது தக்க விடையாகும்.

நம் பகுதியிலும் பின்னர் இந்நிலையே நேர்ந்தது. 1954 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1 ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16 ஆம் நாள் சட்ட முறைப்படியான இணைப்பு நிறைவேறியது. அடிமை நீங்கியது நாம் போற்றத்தக்கதே. ஆனால் அதனையடுத்த ஆண்டுகளில் ஏரிகளின் பொறுப்பு ஊர்ச் சங்கங்களின் கையினின்றும் நீங்கிப் பொதுப்பணித் துறையின் கைக்குச் சென்றது. அதே காலத்தில் ஆழ்துளைக் கிணறுகளும் மின்சார இறைப்பு எந்திரங்களும் பெருகின. தன் வயலிலேயே தனக்கு நீர் கிடைத்த உழவன் ஏரிக்கரைக்கு ஏன் மண் சுமப்பான்? ‘நம் ஏரி’ என்னும் சொல் ‘சர்க்கார் ஏரி’ என்று மாறியது. வரத்துக்கால்கள் தூர்ந்தன, ஏரி உட்பரப்பில் ஆக்கிரமிப்பு நுழைந்தது. ஏரி நிரம்பாமையால் நிலத்தடி நீர் கீழிறங்கியது. கடலோரத்துக் கிணறுகளில் உவர்நீர் ஏறியது. தனித்தனியே ஒவ்வொருவரும் தமக்கு நன்மை தேடியதன் முடிவு, யாவருக்கும் பொதுவான இழப்பாயிற்று.

இவ்விழப்பை உணர்ந்தபின், 1999 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஏரிகள் புனரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 84 ஏரிகளையும் சீர்செய்வது அதன் நோக்கம். ஏரியைத் தோண்டுவதற்கு முன் ஏரிச் சங்கத்தை உருவாக்க வேண்டும் என்று அத்திட்டத்தார் கொண்டமையே அதன் சிறப்பு. மண்வெட்டியும் எந்திரமும் ஓராண்டு வேலையைச் செய்யும். அடுத்த ஆண்டு வேலையை எண்ணிப் பார்ப்பதற்கு ஊரார் கூடும் ஓரவை வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்குள் நாம் கைவிட்ட ஒன்றைப் பிறநாட்டார் உதவியோடு மீண்டும் கற்கவேண்டியதாயிற்று. தமிழ்நாட்டரசும் 2017 ஆம் ஆண்டில் குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

பழமையின் குறை

ஈண்டு ஒன்றை மறைக்காது கூறுதல் கடமையாகும். பழைய ஊர்க்கட்டுப்பாடு யாவர்க்கும் ஒப்பாக இருந்ததன்று. நிலமுடையோர் குரலே அவையில் ஒலித்தது. பல ஊர்களில் மதகில் மூழ்கியும் இரவில் கரை காத்தும் உயிரைப் பணயம் வைத்த நீர்க்கட்டி, ஒடுக்கப்பட்ட குலத்தினராகவே இருந்தார். அவர் பாய்ச்சிய நீரால் விளைந்த நெல் பிறருக்கு உரியது. அவர் காத்த குளத்தில் அவரே இறங்கக்கூடாத ஊர்களும் இருந்தன. குடிநீர் சுமந்த பெண்டிர்க்கு நீர்ப் பங்கீட்டில் ஒரு சொல்லும் உரிமையில்லை. பண்பாட்டின் பெயரால் ஏரியை மீட்கும்போது இவ்வேற்றுமையையும் மீட்டுவிடுவோமாயின் அது அறமாகாது.

1999 ஆம் ஆண்டுத் திட்டத்தின் சங்கங்களில் நிலமில்லாதாரும் பெண்டிரும் இடம்பெற்றதன் பொருள் இதுவே. நிலத்திற்கு நீர் வேண்டுவோர் மட்டுமன்றி, மீன் பிடிப்போரும், கால்நடை மேய்ப்போரும், கோரையும் விறகும் எடுப்போரும் ஏரியின் மக்களே. அவர்களைச் சேர்த்துக்கொள்ளாத சங்கம் அவர்களிடம் காவலை மட்டும் எதிர்பார்ப்பது, 1858 ஆம் ஆண்டுச் சட்டம் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். ஆகவே வழக்கத்தை அப்படியே ஏற்றலும் தகாது. அடியோடு தள்ளலும் தகாது. அதன் கருவை எடுத்துக்கொண்டு குற்றத்தைக் களைதல் வேண்டும். இக்களையெடுப்பே சட்டத்தின் உரிய வேலை.

கோயிற்காடும் பறவைச் சரணாலயமும்

நீரினின்றும் காட்டிற்குச் செல்வோம். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்த புத்துப்பட்டில் மஞ்சினி ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு காடு நிற்கின்றது. பாலை, வீரை, காயா முதலிய மரங்கள் நெருங்கிய உலர் பசுமைமாறாக் காடு அது. சோழமண்டலக் கரையோரத்தில் ஒருகாலத்தில் இத்தகைய காடே பரவியிருந்தது. விறகிற்கும் வேளாண்மைக்குமாக அது அழிந்தபின், ஐயனார்க்கு உரியதென்று விடப்பட்ட சிறு துண்டுகளிலேயே அதன் மரவகைகள் எஞ்சின. 1955 ஆம் ஆண்டில் நம் நகரில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துத் தாவரநூலார் இக்கரையோரத் தாவரங்களை ஆராய்ந்தபோது, இக்கோயிற்காடுகள் அவர்க்கு அரும்பொருளாயின. ‘கொம்பை ஒடித்தால் சாமி குத்தம்’ என்று ஊரார் அஞ்சிக் காத்ததை, அறிவியலார் பழங்காட்டின் விதைக்களஞ்சியம் என்று கண்டனர். காரணம் வேறு; காத்த பொருள் ஒன்று.

எனினும் அச்சத்தை மட்டும் அரணாகக் கொண்ட காடு, அச்சம் நீங்கியவுடன் அரணிழந்து நிற்கும். கோயிலுக்குச் சாலை வேண்டும், மண்டபம் வேண்டும், வண்டிகள் நிற்க இடம் வேண்டும் என்று எண்ணுமிடத்துப் பத்தியே காட்டிற்குப் பகையாவதும் உண்டு. ஆதலால் நம்பிக்கை உள்ள காலத்திலேயே அதற்குச் சட்டத்தின் துணையைத் தேடுதல் நன்று.

அவ்வாறு தேடியவருக்கு வேடந்தாங்கல் ஊரார் சிறந்த எடுத்துக்காட்டாவர். ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சத்தால் நீர் உரமேறி, வயல் விளைவு மிகுவதை அவர்கள் அறிந்திருந்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபொழுது, 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுல் என்னும் பத்திரமாகப் பெற்றனர். அக்காவலே 1936 ஆம் ஆண்டில் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பறவைச் சரணாலயமாயிற்று. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் வெருளும் என்று தீபாவளியிலும் வெடி வெடியாது விடுகின்றனர். அவ்வூரை உள்ளிட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. நம் ஊசுடு ஏரியும் 2008 ஆம் ஆண்டில் புதுச்சேரிப் பகுதியிலும், 2014 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பகுதியிலும் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரி ஒன்று, அரசுகள் இரண்டு, அறிவிப்பிற்கு இடையே ஆறு ஆண்டுகள். பறவைகளோ எல்லைக்கோட்டை அறியமாட்டா.

நாட்டின் சட்டத்திலே

இத்தகைய ஊர் வழக்கங்கள் நாட்டின் சட்டத்தில் எவ்வாறு இடம்பெற்றன என்பதை இனிக் காண்போம். 1976 ஆம் ஆண்டில் நிறைவேறிய 42 ஆம் திருத்தத்தால் இந்திய அரசியற் சட்டத்தில் இரண்டு உறுப்புக்கள் சேர்க்கப்பட்டன. சுற்றுச்சூழலையும் காட்டையும் காட்டுயிர்களையும் காத்தல் அரசின் கடமை என்பது ஒன்று (48 அ). அவற்றைக் காத்தலோடு உயிர்களிடத்து இரக்கங் கொள்ளுதல் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்பது மற்றொன்று (51 அ). இரக்கம் என்னும் சொல் சட்டநூலிலே காண்பதற்கு அரியது. அது பௌத்தமும் சமணமும் இந்நாட்டில் விதைத்த எண்ணம்; நமக்கு அண்மையிலுள்ள வடலூரிலே இராமலிங்க அடிகள் சீவகாருணியம் என்று போதித்த எண்ணம். நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்விலே ஊறிய சொல்லொன்று சட்டத்தின் சொல்லாயிற்று.

இராசபுதனத்துக் கேசர்லியில் 1730 ஆம் ஆண்டில் அமிர்தாதேவி உள்ளிட்ட 363 பிசுனோய் மக்கள் வன்னி மரங்களைக் காக்க உயிர் துறந்த வரலாறு யாவரும் அறிந்தது. அந்நிகழ்ச்சியின் நினைவாகவே 2013 ஆம் ஆண்டில் செப்டம்பர் 11 ஆம் நாள் தேசிய வனத் தியாகிகள் நாள் என அறிவிக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் பல்லுயிர் மரபுத் தலங்களை அறிவிக்க வழி செய்தது. 2006 ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழற் கொள்கை, பழங் கோயிற்காடுகளை ஈடு சொல்லவொண்ணா மதிப்புடையவை என்று ஏற்றது. 2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்திய உச்சநீதிமன்றம், இராசத்தானத்துக் கோயிற்காடுகளை ஒவ்வொன்றாக அளந்து கணக்கிட்டு அறிவிக்குமாறு தீர்ப்பளித்தது. ஐயனார் எல்லையென்று ஊரார் கல் நட்டுக் காட்டிய இடம், அரசின் வரைபடத்திலே கோடாக ஏறுங் காலம் வந்தது.

மாறும் பண்பாடு

பண்பாடு என்றவுடன் அது மாறாதது என்று எண்ணுதல் பிழை. புதுச்சேரியின் மாநில மலராக நாகலிங்கப் பூ தெரிவு செய்யப்பட்டுள்ளது. அம்மரம் நம் நாட்டு மரமன்று; தென்னமெரிக்காவின் வெப்பக் காடுகளிலிருந்து வந்தது. கயானா நாட்டின் பெயரையே தாவரநூலார் அதற்குச் சூட்டியுள்ளனர். ஆயினும் இலிங்கத்தின்மேல் நாகம் படம் விரித்தாற்போன்ற அதன் வடிவைக் கண்ட நம் மக்கள், அதனைக் கோயில்களில் வைத்து வளர்த்துத் தம்முடையதாக்கிக் கொண்டனர். புதியதை ஏற்கும் ஆற்றல் பண்பாட்டிற்கு உண்டு என்பதை இம்மலர் காட்டும்.

தீயதை ஏற்பதும் உண்டு. விநாயகர் சதுர்த்தியில் களிமண்ணாற் பிள்ளையார் பிடித்து நீரிற் கரைத்தல் பழைய முறை. மண் மண்ணோடு சேர்ந்தது, நீர் கெடவில்லை. பின்னர் பாரிஸ் சாந்தாலும் இரசாயன வண்ணங்களாலும் செய்த பேருருவங்கள் வந்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010 ஆம் ஆண்டில் நெறிமுறைகள் வகுத்து, 2020 ஆம் ஆண்டில் அவற்றைத் திருத்திப் பாரிஸ் சாந்து உருவங்களை விலக்கியது. இதனைச் சமயத்தின்மீது சட்டம் தொடுத்த போர் என்பார் சிலர். உண்மையில் சட்டம் கேட்டது பழைய களிமண்ணையே. இவ்விடத்தில் அரசு பண்பாட்டிற்கு அதன் பழைய நெறியை நினைவூட்டியது எனலே பொருந்தும்.

பிறநாட்டு நிலை

நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று இவ்வுண்மை. பூட்டான் நாட்டவர், 2008 ஆம் ஆண்டில் இயற்றிய தம் அரசியற் சட்டத்தில், நிலப்பரப்பில் 100க்கு 60 பங்கு என்றென்றும் காடாக இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். அவர்தம் பௌத்தப் பற்று அதற்கு அடிப்படை. நியூசிலாந்தில் வாங்கனூயி ஆற்றைத் தம் மூதாதையாகக் கருதும் மவோரி மக்களின் நெடும் போராட்டத்தின் பயனாக, 2017 ஆம் ஆண்டில் அவ்வாறு சட்டத்தால் ஓர் ஆளாக ஏற்கப்பட்டது. நம்மை ஆண்ட பிரான்சு நாடு, பகுத்தறிவையே முதன்மையாகக் கொண்ட தன் மரபிற்கேற்ப, முன்னெச்சரிக்கை நெறியை உள்ளடக்கிய சுற்றுச்சூழற் சாசனத்தை 2005 ஆம் ஆண்டில் அரசியற் சட்டத்தோடு சேர்த்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராயிருந்த பிரான்சிசு பாப்பரசர் 2015 ஆம் ஆண்டில் விடுத்த ‘லவுதாத்தோ சீ’ என்னும் திருமுகம், உலகம் மனிதன் விருப்பம்போல் அழிப்பதற்குத் தரப்பட்ட உடைமையன்று, பேணிக் காக்குமாறு ஒப்படைக்கப்பட்ட பொதுவில்லம் என்னும் கருத்தை வலியுறுத்தியது.

எழுத்து மட்டும் போதாது என்பதற்கும் உலகில் சான்று உண்டு. ஈக்குவடோர் நாடு 2008 ஆம் ஆண்டில் இயற்கைக்கே உரிமையுண்டு என்று தன் அரசியற் சட்டத்தில் எழுதியது. ஆயினும் யாசுனிக் காட்டில் எண்ணெய் எடுக்கும் வேலை பின்னரும் நடந்தது. 2023 ஆம் ஆண்டில் மக்களே பொது வாக்கெடுப்பில் அதனை நிறுத்துமாறு வாக்களிக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் பின்னே மக்கள் எழுந்து நிற்குமிடத்தேதான் அதற்கு ஆற்றல் பிறக்கின்றது.

அரிட்டாபட்டி தரும் பாடம்

மக்கள் எழுந்து நின்றதற்கு நம் நாட்டிலேயே அண்மைக் காலத்துச் சான்று உள்ளது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் குன்றுகளும், ஏரிகளும், தமிழிக் கல்வெட்டுக்களும், சமணர் படுக்கைகளும், பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும் ஒருங்கே உள்ளன. தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அது அறிவிக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அவ்வூர் நிலத்தையும் உள்ளிட்ட பகுதியில் தங்குதன் என்னும் கனிமம் எடுக்க மத்திய அரசின் ஏலம் முடிவாயிற்று. ஊரார் கிளர்ந்தனர், கிராம சபைகளில் தீர்மானம் இயற்றினர், மதுரைக்கு நடந்து சென்றனர். மாநிலச் சட்டமன்றமும் டிசம்பர் மாதத்தில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவ்வேலம் விலக்கப்பட்டது.

இவ்வெற்றியில் மூன்று பொருள்கள் ஒன்றுகூடி நின்றதை நோக்குக. குன்றையும் குளத்தையும் தம் வாழ்வாக எண்ணிய நெஞ்சு ஒன்று. அவ்வெண்ணத்தைத் தீர்மானமாக உரைத்த அவை இரண்டு. மரபுத் தலம் என்னும் சட்ட அறிவிப்பு மூன்று. நெஞ்சு மட்டும் இருந்திருப்பின் அது புலம்பலாய் முடிந்திருக்கும். அறிவிப்பு மட்டும் இருந்திருப்பின் அது காகிதமாய்க் கிடந்திருக்கும். இரண்டையும் இணைத்தது ஊரவையே.

இப்பாடத்தை மனத்திற் கொண்டு நம் புதுச்சேரியைப் பார்த்தால் ஒரு குறை புலப்படும். இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968 ஆம் ஆண்டில் நடந்தது. அதற்குப்பின் 38 ஆண்டுகள் கழிந்து 2006 ஆம் ஆண்டிலேதான் மறுபடியும் நடந்தது. அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டோர் காலம் 2011 ஆம் ஆண்டில் முடிந்தபின், நெடுங்காலம் தேர்தலின்றியே கழிந்தது. ஏரி வாரியத்தைக் குடவோலையால் தெரிந்தெடுத்த மரபினர்க்கு, தம் ஊர் ஏரியைப் பற்றித் தீர்மானிக்கத் தாம் தெரிந்தெடுத்த அவை இல்லாதிருந்த காலம் இவ்வளவு நீண்டது. பழம்பெருமையை மேடையிற் பேசுதற்கு இதில் தடையில்லை. ஆனால் ஏரிக்கு அப்பேச்சால் ஒரு கூடை மண்ணும் ஏறாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நாட்டின் சுற்றுச்சூழற் கொள்கைக்கு மக்களுடைய பண்பாட்டு மதிப்பீடுகளே வித்தாகும் என்பதும், அவ்வித்தை வளர்க்கும் நிலம் ஊரார் கூடும் அவையே என்பதும், வளர்ந்த பயிருக்கு வேலியாவதும் களையெடுப்பதும் சட்டத்தின் தொழில் என்பதும் போதரும். வித்தின்றி வேலியிட்டார் 1858 ஆம் ஆண்டுச் சட்டத்தார். நிலத்தை இழந்து வித்தை மட்டும் வைத்திருந்தோம் நாம், இணைப்பிற்குப் பிற்பட்ட ஆண்டுகளில். களையெடாமல் பழமை என்று போற்றுவார் பயிரோடு களையையும் வளர்ப்பார்.

மாணவ நண்பர்களே, கல்லூரியை விட்டு நீவிர் செல்லும்பொழுது உம்மிற் சிலர் பொறியாளராவீர், சிலர் அலுவலராவீர், சிலர் ஆசிரியராவீர். நும் ஊருக்கு அண்மையிலுள்ள ஏரியின் பெயர் யாது, அதற்கு நீர் வரும் கால் எது, மதகு எத்தனை, கலிங்கு எங்கே, அதன் சங்கம் இயங்குகின்றதா, அச்சங்கத்தில் யாருக்கு இடமில்லை என்னும் வினாக்களுக்கு விடை தேடிப் பாருங்கள். விடுமுறையில் இரண்டு நாள் போதும். ஊர்ப் பெரியவரும் நீர்க்கட்டியின் பிள்ளைகளும் சொல்லித் தருவர். அவ்விடைகளை எழுதி வைப்பின், நாளை ஏரியைப் பற்றிய கோப்பு நும் மேசைக்கு வரும்பொழுது, அதில் உள்ளது வெறும் அளவெண் அன்று, ஓர் ஊரின் உயிர் என்பது விளங்கும்.

ஆயி தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்பது கதை. நாம் இடிக்கவேண்டுவது மாளிகையன்று. ஏரி சர்க்காருடையது, எனக்கென்ன என்னும் எண்ணம் ஒன்றே.